ஆட்டைப் பற்றிய தெளிவுரை

நான் உதவித் தொடக்கக் கல்வி அலுவலராக இருந்தபோது நூற்றுக்கணக்கில் சுற்றறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அவற்றை யாரும் படித்ததாக ஆதாரம் இல்லை. தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள், கோப்பில் சேர்ப்பார்கள். ஆண்டாய்வுக்கு நான் போகிறபோது அந்தக் கோப்பை என் முன்னால் விரித்து வைப்பார்கள். நான் அனுப்பியது பத்திரமாக இருக்கிறதா என்று நானே பார்த்து, அதன்மேல் நானே கையெழுத்துப் போடுவேன். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. ஒரே ஒரு சுற்றறிக்கையை மட்டும் எல்லோரும் படித்துவிட்டார்கள். படித்ததோடு நில்லாமல் சந்தேகம் கேட்டும் எழுதினார்கள். அதில்தான் ஒரு டீச்சரின் வகுப்பு கெட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். தாமிரபரணிக்குத் தெற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து ஊர்களின் பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன. பொறுப்பு என்றால் சம்பளப் பட்டியல், விடுப்பு, இடமாறுதல், மருத்துவச் சான்று, ஓய்வூதியக் கருத்துரு. இவற்றுக்கு நடுவில் நேரம் மிஞ்சினால் கல்வி. பெரும்பாலும் மிஞ்சாது.

அதற்குச் சில வருடம் முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு தகரப் பெட்டி வந்திருந்தது. உள்ளே குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள். எல்லாப் பெட்டியிலும் அதே புத்தகங்கள்தான், ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. நான் பார்த்த வரையில் பெட்டிகள் பூட்டியே கிடந்தன. ஒரு பள்ளியில் அதன்மேல் குடிதண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். நான் யாரையும் குறை சொல்ல முடியாது. புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் தலைமையாசிரியரே பொறுப்பு என்று பெட்டியோடு சேர்த்து எழுதி அனுப்பியதும் எங்கள் அலுவலகம்தான்.

ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் கால்வாய்க் கரை ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். அங்கே தலைமையாசிரியர் என்னோடு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். மற்றவர் முன்னால் என்னை 'சார்' என்பார். தனியாக இருந்தால் 'வே' தான். வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துப் பதறவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து சந்தைச் சத்தம் கேட்டது.

“என்னவே அங்கன?” என்றேன்.

“பஸ்ஸு கெளம்பிட்டு,” என்றார். “போயிப் பாரும். உம்ம தலையக் கண்டா நின்னுரும், பைய எட்டிப் பாரும்.”

ஜன்னல் பக்கமாக நின்று பார்த்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பிள்ளைகளுக்குப் பத்தமடையில் ஓரம் சரியில்லை என்று கழித்துப்போட்ட கோரைப் பாய்கள். அவற்றில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் பாதிப் பேர் முட்டி போட்டு எழும்பியிருந்தார்கள். டீச்சர் கையில் தகரப் பெட்டிப் புத்தகம் ஒன்று விரிந்திருந்தது.

கதை பெரிய கதை இல்லை. ஒரு மஞ்சள் பஸ் சந்தைக்குப் போகிறது. நிறுத்தம்தோறும் சிலர் இறங்குகிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். புறப்படும்போது இருபத்து நான்கு பேர். முதல் நிறுத்தத்தில் ஏழு பேர் இறங்கி ஐந்து பேர் ஏறினார்கள். ஐந்தாவது ஆளுக்குப் பின்னால் ஒரு ஆடும் ஏறியது. படத்தில் அது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது பஸ்ஸில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

“டீச்சர், இருபத்தி மூணு.”

“இருபத்தி ரெண்டுலே. ஆடு மனுசனா?”

“மனுசன் இல்லாட்டி என்ன, ஏறுச்சுல்லா? எங்க மாமா கெடாவ ஏத்துனதுக்கு கண்டக்டர் டிக்கெட்டு கிழிச்சாரு.”

“அது லக்கேஜிலே.”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், எங்க அத்தா துபாயிலேருந்து வந்தப்ப பெட்டிக்கும் லக்கேஜி போட்டாக. அப்பம் பெட்டியும் ஆளா?”

“பெட்டி ஜன்னல்ல எட்டிப் பாக்குமாட்டி?” என்றான் கிடாக்கார மாமாவின் மருமகன்.

டீச்சர் எந்தப் பக்கமும் சேரவில்லை. “ரெண்டு கட்சியும் அவங்கவங்க கணக்க சிலேட்டுல போட்டு வச்சுக்கோங்க. அடுத்த ஸ்டாப்புல ஒம்பது பேரு எறங்குதாங்க.”

“ஆடு எறங்குதா டீச்சர்?”

“எனக்கென்ன தெரியும். நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

துபாய்க்காரர் மகள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, மூச்சை அடக்கி, அடுத்த சொல்லுக்குத் தாவினாள். எட்டுப் பத்துத் தலைகள் அவள்மேல் கவிந்திருந்தன. யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. ஆடு என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்தேன். இப்படிப் பிள்ளைகள் புத்தகத்தைப் பிடுங்கி வாசித்ததை எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரின் பாடக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். பழக்கதோஷம். “இதுல கழித்தல்னு மட்டும்தான் இருக்கு. கதையைப் பத்தி ஒண்ணும் காணோமே?”

“கழித்தல்தான் சார் நடத்துனேன். எதை வச்சுன்னு எழுத அதுல கட்டம் இல்ல.”

“சரியான விடை எது டீச்சர்?”

“இன்னும் முடிவாகல சார். நாளைக்கும் சண்டை போடுவாங்க. போடட்டும். அதுவரைக்கும் கழிச்சுக்கிட்டே இருப்பாங்கல்லா.”

நான் சிரித்தேன். பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அதுதான் கோளாறு. சந்தோஷப்பட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கற்பித்திருக்கவில்லை. காகிதத்தில் இறக்கி வைப்பது ஒன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து 'கதைவழிக் கற்பித்தல் – நடைமுறைப்படுத்துதல் – அறிவுரைகள்' என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். வாரத்துக்கு ஒரு கதைப் புத்தகம். அதை எந்தப் பாடத்தோடு, எந்தக் கற்றல் இலக்கோடு இணைக்க வேண்டும் என்று பட்டியல். கூடவே ஒரு படிவம். கதையின் பெயர், இணைக்கப்பட்ட பாடம், கேட்கப்பட்ட வினா, சரியான விடை, அடைவு பெற்ற மாணவர் எண்ணிக்கை. மாதம் ஐந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தைப் போட்டபோது எனக்கு ஒரு வீடு கட்டி முடித்த திருப்தி. 'சரியான விடை' என்ற கட்டம் இல்லாமல் ஒரு படிவம் இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டென்சிலில் தட்டச்சு செய்த எங்கள் இளநிலை உதவியாளர் பாதியில் நிறுத்தி, “சார், இனிமே கதை சொல்லாட்டி விளக்கம் கேக்கணுமா?” என்றார்.

“கேக்கணும்.”

“கதையாவது நிம்மதியா இருந்துச்சு,” என்று முனகிவிட்டுத் தட்டத் தொடங்கினார். எனக்குக் காது கேட்காதது போல் இருந்துகொண்டேன்.

எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினேன். ஒரு பிரதியை மாவட்ட அலுவலருக்கும், தகவலுக்காக, பணிந்து அனுப்பினேன். அதில் அந்தப் பள்ளியையும் மூன்றாம் வகுப்பு டீச்சரையும் பாராட்டி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். நல்லது செய்வதாக எண்ணித்தான் சேர்த்தேன்.

செப்டம்பரில் கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாப் பெட்டியிலும் மஞ்சள் பஸ் இருந்தது. எல்லாப் பள்ளியிலும் ஆடு ஏறியது. எல்லாப் படிவத்திலும் சரியான விடைக்கு ஒரு கட்டம் இருந்தது. ஒரு தலைமையாசிரியர், 'பார்வையில் கண்ட சுற்றறிக்கையின்படி பாடம் நடத்தப்பட்டதில், ஆட்டினைப் பயணியாகக் கணக்கில் கொள்வதா என்பது குறித்து உரிய ஆணை வழங்குமாறு' கேட்டிருந்தார். இன்னொருவர் இருபத்து மூன்று என்றே பூர்த்தி செய்து, அடைவு பெற்றவர் சைபர் என்று போட்டிருந்தார். பிள்ளைகள் இருபத்திரண்டு என்று சொன்னார்களாம். மூன்றாமவர் இரண்டு விடையையும் எழுதி, 'தாங்கள் அறிவுறுத்தும் விடை ஏற்கப்படும்' என்று முடித்திருந்தார். அவர் வெகுதூரம் போகக்கூடியவர் என்று அப்போதே நினைத்தேன். போனார்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. சந்தேகம் கேட்டால் தெளிவுரை வழங்க வேண்டும், அது முறை. ஒரு முற்பகல் முழுக்க யோசித்து எழுதினேன். 'மேற்காண் கதையில் பேருந்தில் ஏறும் ஆடு, பயணியாகக் கருதப்படலாகாது. எனவே சரியான விடை இருபத்திரண்டு எனத் தெளிவுரை வழங்கப்படுகிறது. இப்பொருள் தொடர்பாக மேலும் கடிதப் போக்குவரத்து தவிர்க்கப்பட வேண்டும்.' சுருக்கமாகவும் திட்டவட்டமாகவும் அமைந்துவிட்டதென்று எனக்குப் பெருமைகூட உண்டானது.

அதன் பிரதி அந்த டீச்சரின் பள்ளிக்கும் போனது. அடுத்த வாரம் சம்பள வேலையாக அலுவலகத்துக்கு வந்த தலைமையாசிரியர், உதவியாளர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தார்.

“வே, நீரு ஆட்டுக்கு ஆர்டர் போட்டீராமே.”

“கேட்டாங்க, போட்டேன்.”

“நான் அதை மூணாப்புல வாசிச்சுக் காட்டச் சொன்னேன். காட்டாட்டி நாளைக்கு நீரே வந்து எங்க ஒப்பம்னு கேப்பீரு. டீச்சர் வாசிச்சுது. அம்புட்டுதான். ஒரு பிள்ளை வாயத் தொறக்கல. எல்லாம் இருபத்தி ரெண்டுன்னு எழுதிட்டு சிலேட்டக் கீழ வச்சிட்டுதுவ. ரெண்டு மாசமா நடந்த சண்டைய ஒரு பேப்பர்ல அடக்கிட்டீருவே. போலீஸ் உத்தியோகத்துக்குப் போயிருக்கணும் நீரு.”

நான் பேச்சை மாற்றினேன்.

மாற்றியும் பயனில்லை. மேலே அனுப்பியது ஒன்று உண்டல்லவா, அது அக்டோபரில் கீழே வந்தது. மாவட்டம் முழுவதும் கதைவழிக் கற்பித்தலுக்குப் பயிற்சி. அதை நடத்தும் மாவட்டக் கருத்தாளராக அந்த டீச்சர் நியமிக்கப்படுகிறார். செவ்வாய், புதன், வியாழன் பயிற்சி மையங்களில் மாற்றுப்பணி. கல்வியாண்டு முடியும்வரை. திங்களும் வெள்ளியும் மட்டும் சொந்த வகுப்பு. மற்ற நாட்களில் மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்துக்கொள்ள வேண்டியது. ஆணையின் 'பார்வை'யில் என் கடித எண் இருந்தது.

பாராட்டு என்று நினைத்து டீச்சருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். மடித்தார். “எம் பிள்ளைங்க சார்?” என்றார்.

“தலைமையாசிரியர் பாத்துக்குவார்.”

ஆணையைப் பாடக்குறிப்பு நோட்டுக்குள் செருகிவிட்டு வகுப்புக்குள் போனார்.

நவம்பரில் அந்தப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன், திருநெல்வேலியில். வெளியே மழை. உள்ளே ஐம்பது ஆசிரியர்கள் ஈரக் குடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கதையைச் சொன்னார். ஆசிரியர்கள் நோட்டில் இருபத்திரண்டு என்று குறித்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“டீச்சர், நாங்க சொன்னா பிள்ளைய சிரிக்க மாட்டேங்குதுவ. எந்தப் பக்கத்துல சிரிக்கணும்னு படிவத்துல போட்டுத் தந்தா சௌகரியமா இருக்கும்.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை எதுவும் கேட்டு வந்தவர் இல்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“என்னை வகுப்புக்கு விட்டிருங்க சார்.”

“மாவட்ட ஆணை, டீச்சர். நான் எப்படி…”

“மூணாப்புல பிள்ளைங்க இப்பத்தான் வாசிக்கப் பிடிச்சுது. பிடிச்ச நேரத்துல விட்டுட்டு நான் ஊர் ஊரா போயி ஆசிரியர்களுக்குக் கதை சொல்லுதேன். திங்கக்கிழமை வந்தா அதுக மறந்துபோன வெள்ளிக்கிழமைப் பாடத்தைச் சொல்லிக் குடுக்கேன். வெள்ளிக்கிழமை வந்தா திங்கக்கிழமை சொன்னதை. இந்த வருசம் போச்சுன்னா அதுகளுக்குப் போனதுதான் சார். நாலாப்புல யாரும் எழுத்துக்கூட்ட உக்காத்தி வைக்க மாட்டாங்க.”

முறையான வழியில் விண்ணப்பம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். உருக்கமாகப் பரிந்துரைத்து அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. பொங்கல் கழிந்து வந்தது பதில். 'இவ்வாசிரியையின் சேவை திட்டத்திற்கு இன்றியமையாதது. எனவே கோரிக்கையை ஏற்க இயலாது.' இன்றியமையாதவர் என்று ஆதாரம் காட்டியது என் பாராட்டுப் பத்தியைத்தான்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்றும் நான்கும் ஒரே அறையில், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் காகிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்ல டீச்சர்னு எழுதித்தானவே மாட்டிவிட்டீரு? மோசம்னு எழுதும். மறுநாளே விட்டுருவாங்க.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விதியாகக் காதில் விழுந்தது. ஆண்டாய்வில் குறை பதிவான ஆசிரியரைக் கருத்தாளராக வைத்திருக்க முடியாது. பழைய அறிவுரை ஒன்று உண்டு, யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. இப்படிப்பட்டவை மட்டும் எனக்கு ஒருபோதும் மறக்காது.

வெள்ளிக்கிழமை டீச்சரைப் பார்த்துச் சொன்னேன். “வர்ற வாரம் ஆண்டாய்வு வைக்கிறேன். உங்க வகுப்புல அடைவு குறைவுன்னு எழுதுவேன். நீங்க கையெழுத்துப் போடணும். போட்டா உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எழுதிருங்க சார்.”

“கொஞ்சம் பொறுங்க. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு வர்ற வருஷம் வருது. இந்தக் குறை இருந்தா தாண்டிப் போயிருவாங்க. அப்புறம் நான் எழுதி நீக்கலாம், ஆனா அது பட்டியலுக்கு முன்னால நடக்கும்னு உறுதி சொல்ல முடியாது.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பதவி அவருக்கு வேண்டாத ஒன்றில்லை. வீட்டில் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“ஏப்ரல் வரைக்கும் எத்தனை நாள் சார் இருக்கு?”

சொன்னேன். விடுமுறை போக எனக்கு அது மனப்பாடம்.

“சரி சார். எழுதுங்க.”

ஆண்டாய்வு அன்று நான் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு போனேன். எந்தப் பிள்ளையை எழுப்புவது, எந்தக் கணக்கைக் கடினமாகக் கொடுப்பது, எதைக் குறையாகக் காட்டுவது என்று பஸ்ஸில் வரும்போதே திட்டமிட்டிருந்தேன். முதலில் சாதாரணமாக ஒரு கழித்தல் போட்டேன், பேச்சுக்கு. பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். சிலேட்டுகளைத் திருப்பச் சொன்னேன். மேலே இருக்கும் சின்ன எண்ணைக் கீழே இருக்கும் பெரிய எண்ணிலிருந்து கழித்து வைத்திருந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும்.

துபாய்க்காரர் மகளை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றாள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். பக்கத்தில் இருந்தவள் கீழிருந்து சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். விரல் எந்த எழுத்தின் மேலும் இல்லை.

கிடாக்கார மாமாவின் மருமகனிடம் கேட்டேன், “ஏலே, பஸ்ல ஆடு ஏறுச்சுல்லா, அது கணக்குல உண்டா?”

கையைக் கட்டிக்கொண்டான். “ஆடு பயணியாகக் கருதப்படலாகாது சார்,” என்றான் ஒரே மூச்சில்.

பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. ஜூலையில் நான் பார்த்த வகுப்பு அங்கே இல்லை. குறையை எழுத உட்கார்ந்தபோது எனக்குப் பேனா ஓடவில்லை. 'மாணவர்களின் வாசிப்பு, கழித்தல் ஆகியவற்றில் அடைவு மிகவும் குறைவு. ஆசிரியை கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.' அத்தனையும் உண்மை. யாரால் குறைந்தது என்பதற்குத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதையும் நான்தான் வடிவமைத்திருந்தேன்.

டீச்சர் என் பக்கத்தில் நின்று சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிவைத்தது அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நெசமாவே கொறைதான் சார்.”

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

அதன்பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. கெட்டதைச் சொன்னால் எங்கள் துறையில் தாமதம் கிடையாது. பத்தே நாளில் டீச்சரின் பெயர் கருத்தாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இத்தகைய அடைவுக் குறைவுக்குக் காரணம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பச் சொல்லி எனக்கு உத்தரவு. குறிப்பாணையை நான் எழுதினேன். அதற்கு டீச்சர் கொடுக்க வேண்டிய விளக்கத்தையும் நானே சொல்லி எழுத வைத்தேன். அந்த விளக்கம் ஏற்கத்தக்கதாக உள்ளது என்ற குறிப்பையும் நானே எழுதினேன். மூன்றிலும் நடை ஒரே மாதிரி இருக்கிறதே என்று யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் துறையில் எல்லோருடைய நடையும் ஒன்றுதான்.

குறை நீக்க ஆணை மறுவருடம் வந்தது. பதவி உயர்வுப் பட்டியல் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. டீச்சரைத் தாண்டி, இரண்டு விடையையும் எழுதி அனுப்பிய அந்த மனிதரின் பள்ளியிலிருந்து ஒருவர் போனார். டீச்சர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

அந்த ஏப்ரலில், பரீட்சைக்கு முன்னால், ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. யாரோ ஒருவருடைய பிறந்த தேதித் திருத்தம். வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டைத் தாண்டும்போதே மூன்றாம் வகுப்பிலிருந்து சத்தம் கேட்டது. பழைய சந்தைச் சத்தம். யாரோ எதையோ ஒத்துக்கொள்ள மறுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன கதை என்று தெரியவில்லை.

தலைமையாசிரியர் வராந்தாவில் என்னைப் பார்த்தார். பார்த்ததும் தொண்டையைச் செருமி இருமினார், காசநோய்க்காரர் மாதிரி, மூன்று தடவை. சத்தம் நின்றது. “வாங்க சார், வாங்க. மொதல்ல மோரு குடிங்க,” என்று உரக்கச் சொல்லி என் கையைப் பிடித்து அவர் அறைக்குள் இழுத்துப்போனார். மோர் குடித்தேன். அவசரப்படாமல் குடித்தேன்.

பிறகு மூன்றாம் வகுப்புக்குள் போனேன். 'வணக்கம் ஐயா' என்று எழுந்தார்கள், கை கட்டி உட்கார்ந்தார்கள். கரும்பலகையில் இலக்கம் இலக்கமாக ஒரு கழித்தல் கணக்கு, ஒரே நேர்க்கோட்டில். டீச்சர் மேசையில் பாடநூல் மட்டும் விரிந்திருந்தது. முன்வரிசையில் துபாய்க்காரர் மகள் மற்றவர்களைவிட இரண்டு விரற்கடை உயரமாக உட்கார்ந்திருந்தாள். பாய்க்கு அடியிலிருந்து ஒரு கெட்டி அட்டையின் மூலை வெளியே தெரிந்தது. நான் கவனித்ததை அவள் கவனித்துவிட்டாள். பாவாடையை இழுத்து மூடினாள்.

டீச்சர் என் கண்ணைப் பார்த்து நின்றார். கெஞ்சவும் இல்லை, பயப்படவும் இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்கிற பார்வை.

பாடக்குறிப்பை வாங்கினேன். 'கழித்தல்' என்று மட்டும் இருந்தது. 'பாடம் பாடக்குறிப்பின்படி நடைபெறுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யாரையும் எழுப்பவில்லை, எதையும் கேட்கவில்லை. டீச்சர் அந்த வரியை வாசித்தார். பின்பு நோட்டை மூடி மேசையின் ஓரத்தில் வைத்தார்.

வெளியே வந்து தலைமையாசிரியரிடம் கேட்டேன். “வாசிக்காங்களாவே?”

“வாசிக்காங்க. எல்லாரும் இல்ல. முக்காவாசி. மிச்சத்துக்கு நாள் பத்தல.”

வாசலில் வேம்பு நிழலில் நின்றேன். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன், இன்னும் இல்லை. தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து குடையை என் கையில் திணித்தார்.

“போம்வே,” என்றார். “நீரு இங்கன நிக்க வரைக்கும் அதுக ஆரம்பிக்காதுக.”

வெயிலில் இறங்கி நடந்தேன்.